நர்ஸக்கா தட்டிய மாடிப்படி

மேடையில் அமர்ந்திருக்கும், இந்தக் குடியிருப்பில் வளர்ந்து இன்று உலகம் போற்றும் வயலின் மேதை அம்மா அவர்களே, பணியுடையோடு அப்படியே வந்திருக்கும் செவிலியர்களே, மூன்று மாடிக் குடும்பத்தாரே, கனத்த நெஞ்சோடு உங்கள் அனைவரையும் வணங்குகிறேன். பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். மாடிப்படித் திருப்பத்தில் நிற்பவர்கள் தயவுசெய்து ஒவ்வொருவராக இறங்கி இப்படி வந்துவிடுங்கள். அடியில் முட்டுக் கொடுத்திருக்கும் இரும்புக் குழாய்களை நம்பாதீர்கள். சிவப்புச் சட்டைக்காரரே, உங்களைத்தான். நீங்கள் இறங்கினால்தான் எனக்குப் பேச வாய் வரும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கப் பிரேக்கை மிதித்த கால் இது. அதனால் இங்கே எனக்குப் 'பிரேக்கு' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்தான் இன்று பூமாலைக்குள் படமாக இருக்கிறார்.

யார் இந்த நர்ஸக்கா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாம் முதலில் ஓடிய வீடு எது? பெரியவருக்குத் தலை சுற்றினால் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம்? ஊசி வலிக்காது என்று பொய் சொல்லாத ஒரே நர்ஸ் அவர். "வலிக்கும். கத்திக்கோ" என்பார். கத்தி முடித்த பிள்ளைக்கு ஒரு மிட்டாயும் கொடுப்பார்.

ஆனால் வெளியூர்க்காரர்கள் அவரைத் தேடி வந்தது அதற்காகவா? இல்லை. எல்லாம் இந்தப் படித் திருப்பத்தால் வந்தது. அம்மா அவர்கள் சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை. வயலின் சத்தம் கேட்டால் எழுந்துகொள்ளும். அதனால் பள்ளி விட்டதும் வயலினோடு இந்தத் திருப்பத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அதற்கு நேர் கீழே நர்ஸக்காவின் படுக்கையறை. மேலே வாசிக்க வாசிக்க, கீழேயிருந்து ஒட்டடைக்கம்பால் தட்டும் சத்தம் கேட்கும். "தப்பாக வாசித்தால் தட்டுவார். தட்டுவது நிற்கும்வரை திரும்ப வாசிப்பேன். அவரே என் முதல் குரு" என்று பிற்காலத்தில் அம்மா அவர்கள் வானொலியில் சொன்னார். அவ்வளவுதான், கூட்டம் வரத் தொடங்கியது. இசை மாணவர்கள் வந்தார்கள், புதுமணத் தம்பதிகள்கூடப் படம் எடுக்க வந்தார்கள். நாம் கல்வெட்டுப் பதித்தோம், பெருமையில் மிதந்தோம். அந்தப் பெருமையைப் படி தாங்குமா என்று யாராவது குனிந்து பார்த்தோமா?

விரிசல் விழுந்த பிறகுதான் பார்த்தோம். பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கு வைத்தியம் கிடையாது சார். எடுத்துட்டுப் புதுசாக் கட்டுங்க" என்றார். அம்மா அவர்களோ, குரு தட்டிய இடத்தை இடிக்க விடமாட்டேன், எப்பாடு பட்டாவது காப்பாற்றுகிறேன் என்கிறார்கள். நாளை காலை நாம் கை தூக்கி முடிவெடுக்க வேண்டும். எல்லோரும் என்ன சொன்னோம்? நர்ஸக்கா சொல்வதுதான் தீர்ப்பு என்றோம். அவர் போய்விட்டார். இனி அவர் மனதில் இருந்தது யாருக்குத் தெரியும் என்று நேற்றிலிருந்து எல்லோரும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருத்துவமனையில் நோயாளியாகப் படுத்திருந்தபோது ஒரு நாள் நர்ஸக்கா கேட்டார். "பிரேக்கு, எனக்கு ஒரு இரங்கல் கூட்டம் வைப்பீங்கல்ல?"

"என்னக்கா பேச்சு இது?"

"வைப்பீங்க. நான் இப்ப சொல்றத அதுல சொல்லு. அப்பதான் யாரும் குறுக்க பேச மாட்டாங்க. அந்தப் பொண்ணு முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியல."

அம்மா, மன்னிக்க வேண்டும். எனக்கும் அந்தத் தைரியம் இல்லை. அக்கா சொன்னதை அப்படியே தூணைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன்.

"எனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? நைட் டூட்டி பாத்துட்டு, வீட்டு வேலைய முடிச்சு அப்பதான் கண்ண மூடுவேன். நிறுத்துடின்னு தட்டினேன். அவ அதையே திரும்ப வாசிச்சா. நான் இன்னும் பலமாத் தட்டினேன். அவ இன்னும் நல்லா வாசிச்சா. நான் என்ன பண்ண?"

பிறகு ஒரு நாள் வாசலில் எதிர்ப்பட்ட சிறுமி, "அத்தை, இன்னிக்கு சரியா வந்துச்சா?" என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. வெட்கப்பட்டுத் தட்டுவதை நிறுத்திவிட்டார். சில நாளில் மேலே வாசிப்பும் நின்றுவிட்டது. கீழே வந்த சிறுமி, "நீங்க தட்டலேன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று அழுதாள். அன்றிலிருந்து நர்ஸக்கா தூங்காமல் படுத்திருந்து தட்டினார். எந்த இடத்தில் தட்டினீர்கள் என்று கேட்டேன். "காதுக்குப் பிடிக்காத இடத்துல. பாதி நாள் குத்துமதிப்புதான்" என்றார். குத்துமதிப்பு என்பது அவர் சொல், என்னுடையது அல்ல. சங்கீதம் தெரியாத ஒருவர், சாயங்காலமெல்லாம் கண் எரிய விழித்திருந்து ஒரு பிள்ளையை வளர்த்தார். இதைவிடப் பெரிய குருவை நான் எங்கே போய்த் தேடுவேன்?

"படிய என்னக்கா பண்றது?" என்றேன்.

"எடுத்துடுங்க. அவ படியிலயா வாசிச்சா? என் தூக்கத்துலல்ல வாசிச்சா. வேடிக்கை பாக்க வந்தவன் விழுந்து கால ஒடச்சுக்கிட்டா யாரு கட்டுப் போடறது? நானும் இருக்க மாட்டேன்."

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். நமக்கு ஊசி போடத் தெரியுமா? வயலின்தான் தெரியுமா? நம்மால் முடிந்தது, இங்கே யாரும் விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். அதையே நான் உறுதிமொழியாக அவர் படத்துக்கு முன் ஏற்கிறேன்.

அம்மா, தூணை விட்டு இப்போது உங்களைப் பார்க்கிறேன். நீங்கள் குனிந்திருக்கிறீர்கள். அழுகிறீர்களா, என்மேல் கோபமா என்று தெரியவில்லை. நாளை நீங்கள் இந்தப் படி நிற்கட்டும் என்றால், உங்களை எதிர்க்க இங்கே ஒருவருக்கும் மனம் வராது. எனக்கும் வராது. ஆனாலும் படியை எடுக்கச் சொல்லி என் கை முதலில் உயரும். அது தனியாக நிற்காதபடி, உங்கள் கையையும் கூடத் தூக்குங்கள்.