நான்கு திருகாணிகள்

திருகாணி முடுக்குவதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிச் சுற்றில் எல்லாவற்றின் தலைப் பள்ளமும் ஒரே திசையைப் பார்க்கும்படி நிறுத்திவிடுவேன். இதனால் பாட்டு ஒன்றும் கூடுதலாக இனிக்கப்போவதில்லை. இது என் கை பட்ட பெட்டி என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எல்லோருமே வாய்க்குள்தான் பேசுகிறீர்கள். கொஞ்சம் உரக்கக் கேளுங்கள், சொல்கிறேன்.

நானும் என் தம்பியும் இருபத்தாறு வருடம் ஒரே கடையில் பழைய ரெக்கார்டு பிளேயர்களைப் பழுது பார்த்தோம். உள் மேஜை எனக்கு, முன் கவுன்ட்டர் அவனுக்கு. ஊசி தேய்ந்திருக்கிறதா, மோட்டார் திணறுகிறதா, எர்த் ஒயர் விட்டுப்போய் உறுமுகிறதா, எல்லாம் திறக்காமலே சொல்லிவிடுவேன். "எங்கண்ணன் காதுக்கு முன்னால மீட்டர் எதுக்கு சார்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவன்தான் பெருமையடிப்பான்.

போன மாதம் ஒரு பல் டாக்டர், செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளேயரைக் கொண்டுவந்தார். பாட்டு இழுத்து இழுத்து அழுதது. பெல்ட் தொய்ந்திருந்தது, மாற்றினேன். காய்ந்துபோன கிரீஸைச் சுரண்டினேன். புது ஊசி போட்டேன்.

"உறுமல் ஏதும் இருக்காண்ணே?" என்றான் தம்பி.

ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. சொன்னேன். "அப்போ அருமைண்ணே" என்றான்.

பத்து நாள் கழித்து டாக்டர் திரும்ப வந்தார். மூடியின் கீல் தளர்ந்துவிட்டதாம். தம்பி வெளியே போயிருந்தான். பெட்டியைக் கவிழ்த்தேன். அடிப்பலகையின் நான்கு திருகாணிகளும் நான்கு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதை யாரு திறந்தது?"

"உங்க தம்பிதான். அண்ணன் வேலை சுத்தம், ஒரு ஒயர் மட்டும் பாக்கி, ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னாரு. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் பெட்டியை விட்டுவிட்டுப் போனபின் அலமாரியில் இருந்த மற்றப் பெட்டிகளையும் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றுகூட என் திசையில் இல்லை. நான் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்திருக்கிறான்.

சாயங்காலம் கேட்டேன். "என் வேலையில ஏதாவது குறை தெரியுதாடா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குற. உன் காதை யாரு மிஞ்ச முடியும்" என்றான், என் முகத்தைப் பார்த்தே. திறந்ததைக்கூட மன்னித்திருப்பேன். அந்தப் பதிலை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் ஒரு சோதனை வைத்தேன். டாக்டரின் பெட்டிக்குள் ஒரு ஒயரை இடம் மாற்றினேன். வெளியே தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. டாக்டர் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், நான் என்ன மிருகமா. அடிப்பலகையைக் கழற்றி, கரண்ட் ஓடும்போதே உள்ளே விரலை விடுகிறவனுக்கு மட்டும்தான் ஆபத்து. தம்பி அப்படித்தான் விடுவான். எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். என்னை நம்பியிருந்தால் திறந்திருக்கவே மாட்டான், இன்றைக்கும் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பான். இதில் என்ன அநியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

நான்கு பள்ளங்களையும் ஒரே திசையில் நிறுத்தினேன். "கீலை முறுக்கியாச்சு, ஒயரையும் பார்த்துட்டேன்" என்றேன்.

"சரிண்ணே. நீ போய்ச் சாப்பிட்டுட்டுப் படு."

அன்றைக்கு நான் படுக்கவில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு, அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மெயின் சுவிட்ச் என் தோளுக்கு நேரே இருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அடிபட்டால் வாயில் முதலில் வருவது 'அண்ணே'தான். அந்தக் குரல் வந்த நொடியே அணைத்துவிடலாம் என்று சுவிட்சிலேயே கையை வைத்திருந்தேன். அவனைக் கொல்ல வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. கால் மணி நேரம் போயிருக்கும், கை மரத்துப்போனது.

எதிர்க்கடைத் தையல்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் எழுந்தேன். மூன்று தடவை 'அண்ணே' என்று கத்தினானாம். தையல் மெஷின் சத்தத்தையும் மீறி, தெருவுக்கு அந்தப் பக்கம் கேட்டதாம். அவர் சொன்னதை அடித்துவிடுங்கள் சார், பொய். நான் கதவுக்கு இந்தப் பக்கமே, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் என்னைக் கூப்பிடவே இல்லை.