கொடியில் காய்ந்த சிவப்புத் துணி

டமார் என்று வெடித்தால் காகங்கள்தான் பறக்கும். காட்டுப்பன்றிகள் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. எங்கள் மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. இருந்தாலும் முலாம்பழம் பழுக்கும் நாட்களில் விடியற்காலையில், விட்டுவிட்டுத் தானாக வெடிக்கும் கேஸ் வெடி வைக்காமல் மனம் கேட்காது. எனக்கு அந்த வெடிக்குழாயை இரவல் கொடுத்தவன் கன்ஜி. பக்கத்து வீட்டுக்காரன், பள்ளிக்கூட நாளிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவன்.

உங்கள் காவல் நிலையத்துக்குப் பின்னால் தக்காளிச் செடிகள் பார்த்தேன், ஐயா. அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

முலாம்பழக் கொடியில் ஒரே ஒரு பழத்தைத்தான் விட வேண்டும். மற்ற பிஞ்சுகளைக் கிள்ளிப் போட்டுவிட வேண்டும். விட்ட ஒன்றுக்குக் காகிதத் தொப்பி போட்டு, துணியால் துடைத்து, பிள்ளை மாதிரி வளர்க்கிறோம். என் பழங்கள் நகரத்துக் கடையில் மரப்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். எல்லாம் என் மனைவி சயோவுக்காகத்தான் செய்தேன். போன குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள். அவளுக்கு முலாம்பழம் பிடிக்காது. ஒரு நாளும் கேட்டதில்லை.

ஓபோன் நெருங்கிக்கொண்டிருந்தது. செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள் அவை. சயோவுக்கு இதுதான் முதல் முறை. அப்போதுதான் ஒரு பழம் காணாமல் போனது. மண்ணில் குளம்புத் தடம் இல்லை. காம்பை இரண்டு பக்கமும் கொடியோடு சேர்த்துச் சீராக நறுக்கியிருந்தது. அப்படி நறுக்குவது பழம் வளர்ப்பவன் கை. இந்தப் பக்கம் என்னை விட்டால் கன்ஜிதான்.

வேலி ஓரமாக நின்று கன்ஜியிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"காட்டுல திரியற தனுக்கி நாய்தாண்ணே. ருசி தெரிஞ்ச நாயி."

"நாய்க்குக் கத்தரிக்கோல் புடிக்கத் தெரியுமாடா?"

"உங்ககிட்ட கேட்டா கெடைக்காதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு போல. அதான் கத்துக்கிச்சு. ஒண்ணு போனாப் போவுது, விடுங்களேன்."

"அதெல்லாம் கடைக்குப் போறதுடா."

"தெரியும்ணே," என்றான். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சயோவின் கல்லறையைக் கழுவ இறங்கினேன். கல்லுக்கு முன்னால் என் முலாம்பழத்தின் தோல் கிடந்தது. சுற்றிலும் பன்றி கிளறிய மண். அந்தத் தடம் அங்கிருந்து மின்வேலி முடியும் மூலையைச் சுற்றி என் தோட்டத்துக்கு ஏறியது. ஒரு வரிசை முழுவதும் போய்விட்டிருந்தது.

படைத்ததைக் கும்பிட்டு முடித்தவுடன் வீட்டுக்கு எடுத்துப்போய்விட வேண்டும். இது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. விட்டுவிட்டு வந்தால் பன்றி ருசி கண்டுவிடும். கன்ஜிக்கு இது தெரியாதா? பன்றிக்கு என் தோட்டத்தைக் காட்டிக்கொடுத்தவன் அவன்.

அடுத்த விடியலில் கொட்டகைக்குள் காத்திருந்தேன். வேலிக் கம்பி காட்டுப் பக்கம் மட்டும்தான். அவன் என் முற்றத்து வழியாகவே வந்தான், எப்போதும் வருகிறவன்போல. ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தான். பழுத்தது எது என்று அவனுக்குத் தெரியும். நறுக்கினான். கம்பியைத் தாண்டி, தோட்டத்தைத் தாங்கும் கற்சுவரில் நீட்டியிருக்கும் படிக்கற்களில் இறங்கிக் கல்லறைக்குப் போனான். அங்கே பழத்தைப் பிளந்து வைத்துவிட்டு, என் மனைவிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என்னவோ பேசினான். நடுவில் சிரித்தான். அங்கே போய் எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. எத்தனை நாளாக அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்தேன். வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

வேலியில் மின்சாரம் ஓடினால் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவோம். விடியலில் நிறுத்தும்போது அவிழ்ப்போம். எழுதி வைத்த பலகையை எங்கள் ஊரில் யாரும் பார்ப்பதில்லை, துணியைத்தான் பார்ப்பார்கள். துணி இல்லையென்றால் குழந்தைகூடக் கம்பியைப் பிடித்துத் தாண்டும்.

ஓபோன் முதல் நாள் அவன் கட்டாயம் வருவான் என்று தெரியும். வெளிச்சம் வரும்போது துணியை அவிழ்த்தேன். மின்சாரத்தை நிறுத்தவில்லை.

வேலி மின்சாரம் ஆளைக் கொல்லாது, ஐயா. திடுக்கிட வைக்கும், அவ்வளவுதான். அதற்கு அப்பால் அந்தக் கற்சுவர்தான், நேர்ப் பள்ளம். ஒன்றரை ஆள் உயரம். கத்தினானா என்று கேட்டீர்கள். தெரியாது. அவன் கொடுத்த கேஸ் வெடி அந்த நேரம் பார்த்து வெடித்தது.

கீழே இறங்கிப் பார்த்தேன். அவன் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்தான். பழம் உடையாமல் புல்லில் கிடந்தது. முதலில் அதை எடுத்து நிழலில் வைத்தேன். வெயில் பட்டால் வீணாகிவிடும். பிறகு மின்சாரத்தை நிறுத்தினேன். துணி மிகவும் அழுக்காக இருந்தது. துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நீங்கள் வந்தபோது துணி சொட்டிக்கொண்டிருந்தது. கால் தவறி விழுந்தான் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். நான்தான் கொன்றேன்.

இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. என் மனைவிக்கும் அவனுக்கும் என்ன உறவு என்பது எனக்குத் தெரிந்தால் போதும் என்றுதான் இருந்தேன். நேற்று அவன் மனைவி தொமியே வந்தாள். சாம்பல் எடுத்த கையோடு, கறுப்பு உடையிலேயே வந்து வாசலில் மண்டியிட்டாள். பழத்தை எடுத்தது தன் வீட்டுக்காரர்தான், மன்னிக்க வேண்டும் என்றாள். எதற்காக எடுத்தான் என்று கேட்டேன். அவள் தலை நிமிராமலே சொன்னாள்:

"சாகப்போற நேரத்துல சயோ அக்காதாண்ணே கேட்டாங்க. 'கன்ஜி, இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் ஒரு நல்ல பழம் தின்னதில்ல. அவருகிட்ட கேட்டா கடைக்குப் போறதும்பாரு. பழுக்கற காலத்துக்கு நான் இருக்க மாட்டேன், நீ திருடியாவது ஒண்ணு எனக்குக் கொண்டாந்து வையி'ன்னாங்க."