அண்ணியின் கடைக் கணினி

மேடையில் இருக்கும் மூத்த நிரலாளர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் தோழர்களே, வணக்கம்.

நம் இலவச இயங்குதளத்தில், சோதித்துத் தேறியது மட்டும் சேரும் நிலைப் பதிப்பைத் தொடக்கம் முதல் கட்டிக்காத்த ‘பொறுங்க’ அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு பொறுக்கவில்லை.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். நான் தினப் பதிப்புக்காரன். புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே பயனர் கையில் கொடுத்துவிட வேண்டும் எனக்கு. அவரோ எதைக் கேட்டாலும், “பொறுங்க தம்பி, உங்க அண்ணி பார்க்கட்டும்” என்பார். அண்ணிக்கு நிரல் தெரியுமா? தெரியாது. தையல் கடையில் பில் போடுகிறவர்கள். எந்தத் திருத்தமும் முதலில் அந்தக் கடைக் கணினிக்குத்தான் போகும். ஒரு வாரம் அண்ணி திட்டாமல் இருந்தால்தான் நிலைப் பதிப்பில் சேரும். சிரித்தோம், தோழர்களே. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அச்சிடும் பகுதியை நான் புதிதாக எழுதியபோது அண்ணி திட்டினார்கள். “பில்லு பாதிதாங்க வருது. எந்த மகராசன் செஞ்சான் இதை?” அந்த மகராசனாகிய நான் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். பழையதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறதே, அதற்காகவாவது புதியதை ஏற்கக் கூடாதா என்றேன். “ஓட்டையை மட்டும் அடைச்சிட்டேன் தம்பி. அதுக்காக வீட்டையே இடிக்கணுமா?” என்றார். அந்த வாரம் தினப் பதிப்பு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் அச்சு பாதியில் நின்றது. நிலைப் பதிப்பை நம்பிய ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவுகள் முழுதாக வந்துகொண்டிருந்தன. குத்திக்காட்டினாரா? இல்லை. அண்ணியின் பாதி பில்லைப் படமெடுத்து அனுப்பினார், சரிசெய்ய உதவும் என்று.

ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் அவர் கேட்டது ஒன்றுதான்: “கூட ஒரு ஆள் வேணும்ப்பா.” பழைய நிரலுக்கு ஓட்டை அடைக்க யார் வருவார்? எல்லோரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டோம். இத்தனை பேர் இருந்தும் அவரைத் தனியே விட்டுவிட்டோமே. ஆள் இல்லாததால் நிலைப் பதிப்பையே மூடிவிடலாம் என்று இப்போது பேச்சு அடிபடுகிறது. மூடிவிட்டால் அந்த ஆய்வகம் எங்கே போகும்?

சற்று முன் வாசலில் அண்ணி கேட்டார்கள்: “தம்பி, கம்ப்யூட்டர்ல ஏதோ அப்டேட் வந்து நிக்குது. அவர் சொல்லாம நான் தொடல. போடவா?”

தோழர்களே, இன்று முதல் நிலைப் பதிப்பு என் பொறுப்பு. தினப் பதிப்பை உங்களில் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி, அந்தத் திருத்தம் நான் எழுதியதுதான். காலையில் கடைக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் பொறுங்க.