எலி தூக்கிட்டுப் போன கார்டு

சிரிக்காதீங்க. எலிதான். கல்வராயன்மலை எலிங்க, இன்னா வேணா பண்ணும். ஆமா, லேப்டாப்ப நீங்கதான் தொறந்து பாத்தீங்க, உள்ள நெட்டு புடிக்கிற ஒயர்லெஸ் கார்டு இல்ல, வெளிய ஸ்க்ரூ எல்லாம் ஒழுங்கா மாட்டியிருக்கு. படிச்ச எலி போல, வுடுங்களேன்.

நேத்து நீங்க குடுத்த வைஃபை குச்சி, இந்தாங்க, வேலைக்கு ஆவல. எம் பொண்ணு சங்கவி சொருகிப் பாத்துட்டு, இதுல லினக்ஸ் ஓடுது, இந்தக் குச்சிக்கு நெட்டுலேர்ந்து டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர எறக்கணும்ப்பான்னுச்சு. நெட்டு வர்றதுக்குத்தானங்க குச்சியே வாங்கனேன்? இன்னா கண்றாவி இது! வெள்ளிமலைலேர்ந்து உங்க கடைக்கு ரெண்டாவது தபா பஸ் ஏறி வரேன். ஒவ்வொரு வளைவுலயும் கொடலு வாய்க்கு வருது.

லினக்ஸ் எதுக்கா? அரசாங்கம் குடுத்த லேப்டாப்புங்க, வயசாயிடுச்சு, தொட்டா தூங்கிப்பூடும். விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போட்டா பிச்சிக்கினு ஓடும்னு பொண்ணே போட்டுக்கிச்சு. நெட்டு போனதும் கறுப்பு ஸ்கிரீன்ல இன்னாவோ தட்டித் தட்டிப் பாத்துட்டு, கார்டே இல்லன்னு காட்டுதுப்பான்னுச்சு. மெஷினு பொய் சொல்லுது, நல்லா தட்டிப் பாருன்னேன்.

சீக்கிரம் பாருங்க. நாளைக்குப் பத்து மணிக்கு மெட்ராஸ் கம்பெனிக்காரன் நெட்டு வழியா லேப்டாப்புலயே பரீட்ச வெக்கிறான். பாஸானா அங்கியே வேல, அங்கியே ஆஸ்டல். பாஸாயிடும்ங்க, அது எமகாதகப் பொண்ணு. அவங்கம்மா போனப்பறம் வூட்ல நானும் அதுவுந்தான்.

இன்னாது, லினக்சுக்கு எல்லாக் கார்டும் ஒத்து வராதா? பழைய கார்டப் பாத்தாதான் அதே மாதிரி தேடுவீங்களா? அப்ப எலிகிட்டதான் போயி கேக்கணும்.

மொறைக்காதீங்க.

மூணு நாளா சரியா துன்னலங்க அது. லினக்ஸ் போட்டு நாந்தான் கெடுத்துட்டனாப்பான்னு எங்கிட்டயே வந்து கேக்குது. எனக்கும் சோறு எறங்கல.

இந்தாங்க கார்டு. சட்டப்பையிலயேதான் வெச்சிக்கினு சுத்தறேன், பீடிக்கட்டு பக்கத்துல. மோட்டார் ரிப்பேர் பண்ற கைங்க, கழட்டத் தெரிஞ்சிச்சு. கறுப்பு ஒயரு எங்க, வெள்ள ஒயரு எங்கன்னு திருப்பி மாட்டத் தெரியல. நீங்க மாட்டிக் குடுத்துடுங்க.

புதுசெல்லாம் வேணாங்க. கார்டு வந்த காலி டப்பா ஒன்னு இருந்தா குடுங்க. புதுசு வாங்கியாந்தேன்னு அதுங்கிட்ட காட்டணும்.