பேனாவில் மை இல்லை

கதை எழுதின அட்டையை நான் கிழிக்கல டீச்சர். யாரு சொன்னது, அந்தக் கண்டக்டரா? ரிட்டயர் ஆனாலும் அவருக்கு விசில் ஊதாம இருக்க முடியாது. பாக்கெட்டுல வச்சிக்கிட்டு எழுந்து வந்தேன், அவ்வளவுதான். இந்தா, எண்ணெய் டப்பாவுக்கு அடியில இருக்கு பாருங்க. மூலையில கொஞ்சம் கறை, வேற ஒண்ணும் ஆகல. அந்த ஸ்டூல் வேணாம், கால் ஆடும். ஃபேனை நகத்திட்டு பெஞ்சுல உக்காருங்க.

திங்கக்கிழமை கதையெல்லாம் புஸ்தகமா அச்சுக்குப் போகுதாக்கும். அதுக்குள்ள அட்டையில என்ன தப்புன்னு தெரியணும். சரி. தப்பு இருக்கு, ஒரே ஒரு வரியில. சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க. இந்த மோட்டார் காயிலைச் சுத்தி முடிச்சிடறேன், பாதியில விட்டா சுத்து மறந்துடும்.

உங்க காலேஜுல அறநெறி மையம்னு போர்டு மாட்டினப்பவே எனக்குச் சிரிப்புதான். நாலு எழுத்துப் படிச்சவங்க நமக்கு நல்லது கெட்டது சொல்லித் தரப் போறாங்களாக்கும்னு. நான் அஞ்சாவதோட நின்னவன். ஆனா சனிக்கிழமையானா லைப்ரரி கீழ்ரூமுக்கு வந்து உக்காந்தேனா இல்லையா? ஏன்னா நீங்க ஒண்ணும் சொல்லித் தரல. ஜனங்க குடுத்த கதையை அட்டையில எழுதிப் படிப்பீங்க, இவன் செஞ்சது சரியான்னு கேப்பீங்க, நாங்க அடிச்சிக்குவோம். சண்டை போடக் கூப்பிட்டு டீயும் குடுக்கிற எடம் வேற எங்க இருக்கு?

போன வாரம் படிச்சீங்களே. மில்லுல ஒரு பாய்லர். கூட வேலை செய்ற ரெண்டு பேர், ஒருத்தர் மூத்தவர், ஒருத்தன் சின்னவன். பாய்லர் நல்லா இருக்குன்னு மூத்தவர் கையெழுத்துப் போடணும். போடப் போறப்ப பேனா எழுதல. உதறிப் பாக்கிறார், எழுதல. நீயே போட்டுடுப்பாங்கிறார். சின்னவன் போடுறான். மறுநாள் வெடிக்குது, பெருக்குற அம்மா ஒருத்திக்குக் கால் போகுது, சின்னவன் ஜெயிலுக்குப் போறான். அது நான் போட வேண்டிய கையெழுத்துன்னு மூத்தவர் அப்ப வாயைத் திறந்திருக்கணுமான்னு கேட்டீங்க.

பதினாலு பேர்ல பன்னெண்டு பேர் மூத்தவர் பக்கம் கையைத் தூக்கினாங்க. அவர் என்ன பண்ணுவார், பேனா எழுதல, நேரம் அப்படின்னு. கண்டக்டர் ஒரு படி மேல போயி, பாவம், அந்தப் பெரியவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும்னார். தையக்கார அம்மா ஒருத்திதான் கேட்டாங்க, ஏங்க, எழுதலேன்னா அந்தப் பையன் பேனாவை வாங்கி அவரே போட்டிருக்கலாமேன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் எழுந்து வந்துட்டேன்.

அது பாய்லர் இல்ல டீச்சர். லிஃப்ட்டு. ஆஸ்பத்திரி லிஃப்ட்டு. கூட வேலை செய்றவங்கன்னு எழுதியிருக்கீங்க, அண்ணன் தம்பி அவங்க. கதை குடுத்தவங்க யாருன்னு தெரியக் கூடாதுன்னு தொழிலை மாத்துவீங்க, உறவை மாத்துவீங்க. எல்லாத்தையும் மாத்திட்டு பேனாவை அப்படியே விட்டுட்டீங்களே. அன்னிக்கு மெஷின் ரூம்ல இருந்தது ரெண்டே பேரு. ஒருத்தன் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கான். இன்னொருத்தன் இங்க காயில் சுத்திக்கிட்டு இருக்கேன்.

யாருன்னு சொல்லக் கூடாதா? சொல்லாதீங்க. நான் கேட்டேனா? என் தம்பி எங்க இருக்கான், எப்படி இருக்கான், தலை நரைச்சிடுச்சான்னு ஒரு வார்த்தை கேட்டேனா? பத்தொம்பது வருஷமா கேக்காதவன் நான்.

கோவந்தான். இல்லேங்கல. ஜெயிலுக்கு ஒரே ஒரு தடவை பாக்கப் போனேன். கம்பிக்கு அந்தாண்ட நின்னு சிரிக்கிறான். அண்ணே, இனிமேயாச்சும் நல்ல பேனாவா ஒண்ணு வாங்கி வச்சிக்கன்னான். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிச்சு. குத்திக் காட்டுறான் பாருன்னு. கேக்கணும்னா நேராக் கேளுடா, சிரிச்சிக்கிட்டே ஏன் குத்துறேன்னு. வாயைத் திறக்காம திரும்பி வந்தவன்தான். அவன் போட்ட லெட்டரைப் பிரிக்காமலே அடுப்புல வச்சேன். என் பொண்ணுங்க கல்யாணத்துக்கும் அவனுக்குச் சொல்லல. அந்தக் கோவம் நியாயமான கோவம்னு போன வாரம் வரைக்கும் யார் வந்து கேட்டிருந்தாலும் அடிச்சுச் சொல்லியிருப்பேன்.

இந்தக் கடைசி வரியைப் படிங்க. மூத்தவர் மேல் தவறில்லை, அவர் பேனாவில் மை இல்லை. இது நீங்களாச் சேத்ததா, அவன் சொன்னதா? அவனேதான் சொன்னானா. இதை எழுதலேன்னா கதையே வேணாம்னு வேற சொன்னானா.

ம். அப்ப அவன் குத்தல. நெசமாவே பேனா வாங்கிக்கன்னுதான் சொல்லியிருக்கான் பைத்தியக்காரன்.

சனிக்கிழமை அவனும் வர்றானா? என்னவோ பண்ணுங்க. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு கண்ணைக் கசக்கச் சொல்லாதீங்க, அது நம்மகிட்ட நடக்காது. கையெழுத்துப் போடலேன்னா வேலை போகும், போட்டா பழி வரும். எனக்கு ரெண்டு பொண்ணு, அவன் ஒண்டிக்கட்டை. மறுபடி அந்த ரூம்ல கொண்டுபோய் நிறுத்தினாலும் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. ஆனா அந்தப் பன்னெண்டு பேர் என்னைப் பாவம்னு சொல்லக் கூடாது. தையக்கார அம்மா திட்டட்டும், வாங்கிக்கிறேன்.

பேப்பரை எடுங்க. அந்த வரியை அடிச்சிட்டு இதை எழுதுங்க. தொழில் உறவெல்லாம் உங்க இஷ்டத்துக்கு மாத்திக்கங்க, இதை மட்டும் மாத்தாதீங்க. மெஷின் மேல ஏறி, லிஃப்ட்டுக் கயித்துல மூணு இழை அறுந்திருந்ததைப் பாத்தவன் அண்ணன்காரன்தான். கீழ இறங்கி வந்துதான் பேனாவை உதறினான். சாயங்காலம் வெளிய போறப்ப, வாசல்ல வாட்ச்மேன் ரிஜிஸ்டரை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். அதே பேனாவுலதான் டீச்சர். நல்லாத்தான் எழுதிச்சு.