கருப்புத் திரைக்கு அப்புறம்

ஹலோ… ஹலோ! தியேட்டர்தானே? அப்பாடா, எடுத்தீங்களே! எட்டாவது தடவையா அடிக்கிறேன்… இல்லைங்க, டிக்கெட்டுக்கு இல்ல. மேனேஜர்கிட்ட கொடுங்க… சாப்பிடப் போயிட்டாரா? அப்ப நீங்க யாரு?… படம் ஓட்டற ஆபரேட்டரா! எனக்கு நீங்கதான் சார் வேணும்.

அந்த விண்கலப் படம், ரெண்டாவது ஸ்கிரீன்ல… ஆமா, ஆமா, ஒன்பது வருஷம் தனியாப் போறாளே, அதேதான். நான் போன மாசம் உங்ககிட்டதான் பார்த்தேன். கடைசியில வெளிய இருந்து யாரோ கதவைத் தட்டறாங்க. மூணு தட்டு. நட்டநடு விண்வெளியில! இவ கைப்பிடியில கை வைக்கிறா, திரை கருப்பாகுது, நீங்க லைட்டைப் போட்டீங்க. சரிதானே?… சரி. இன்னைக்கு பஸ் ஸ்டாப்புல புது போஸ்டர் பார்த்தேன் சார். அதுல கதவு ஆன்னு திறந்து கிடக்கு! நான் பார்த்த படத்துல அது எப்ப திறந்துச்சு?

…

என்னது? கருப்புக்கு அப்புறமும் படம் இருக்குன்னு தெரிஞ்சேவா நிறுத்தினீங்க?… எல்லாரும் எந்திரிச்சுட்டாங்கன்னா? நான் எந்திரிக்கலையே! பாப்கார்ன் டப்பாவை மடியில வெச்சுக்கிட்டு அழுதுட்டிருந்தேன். கூட்டிப் பெருக்க வந்தவர் "காலைத் தூக்கும்மா"ன்னார்!… அடுத்த ஷோவுக்கு நேரமாச்சா? கருப்பா இருந்தா முடிஞ்சுதா? கண்ணை மூடினவனை எல்லாம் பொதைச்சுடுவீங்களா?

சிரிக்காதீங்க சார்! எனக்குப் பத்திக்கிட்டு வருது… என்ன நஷ்டமா? காத்து தீர்ந்துபோச்சு, அவ செத்துட்டா, அந்த மூணு தட்டும் அவளோட கடைசி நெஞ்சுத் துடிப்புன்னு பதினாலு பக்கம் எழுதி நெட்ல போட்டேன். பாராட்டு குவியுது. எங்க அண்ணன் மட்டும், "கதவு திறந்துச்சே பாப்பா"ன்னு கீழ எழுதினான். நான் சும்மா இருந்தேனா? "நீ வழக்கம்போல குறட்டை விட்டிருப்பே, கனவுல திறந்திருக்கும்"னு அத்தனை பேர் முன்னாடியும்… ஆமா… ஆமா சார், மானத்தை வாங்கிட்டேன்.

அவனுக்கு இந்த மாதிரிப் படமே ஆகாது. வேலை பார்க்கிற ஊர்ல, லீவு போட்டு, என்கூடப் பேசறதுக்குன்னே போய்ப் பார்த்திருக்கான். இருபது நாளாப் பேச்சே இல்ல. யாரால? உங்க ஒரு சுவிட்சால!

…

சரி, என் வாயாலயும்தான். சரி, சரி. நீங்க முழுசாப் பார்த்தீங்களா?… முதல் நாள் ஓட்டிப் பார்த்தப்பவா? அப்ப சொல்லுங்க. ஐயோ, வேண்டாம், சொல்லாதீங்க!… இல்ல, சொல்லித் தொலைங்க.

ம்… திறக்குது… ம்… ஒரே வெளிச்சம்… அவ சிரிக்கிறா… "இவ்வளவு லேட்டாவா வருவே?"ங்கிறாளா? யாரைப் பார்த்து?… காட்டலையா? காட்டவே இல்லையா! அவ முகத்தோட முடிச்சுட்டாங்களா?

அட! அப்ப வெளிய ஒருத்தருமே இல்லாமகூட இருக்கலாம்ல? அவ செத்திருக்கலாம்ல? அண்ணன் அந்தக் கதவை மட்டும் பார்த்துட்டுக் குதிச்சிருக்கான், லூசு!

சார், வைங்க போனை… கம்ப்ளெயின்ட்டா? அது அப்புறம், மேனேஜர் நிம்மதியாச் சாப்பிடட்டும். முதல்ல அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். ரெண்டே நிமிஷம்தான். அப்புறம் விடிய விடியச் சண்டை போடணும்… வைங்கன்னா!