ஆரம் ஏழு அடி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஒன்றியப் பெருந்தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட அம்பாசமுத்திரத்துச் சாமர்த்தியசாலிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கோமதி அம்மா அவர்களே, வணக்கம்.

நான் பீர் மைதீன். மறைந்த ஓவர்சியர் சிவசைலம் அண்ணாச்சியின் கீழ் பத்தாண்டுகள் வரைபடம் போட்டவன். அரை மணி நேரமாக நாற்காலியில் நெளிந்துகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்த நண்பர், "மூலமா வே?" என்று காதோடு கேட்டார். இல்லை ஐயா, மூலமில்லை! கூட்டம் தொடங்கியதும் நம் தலைவர் பாசத்தோடு, "நம்ம கால்தொட்டி சிவசைலம்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் மனைவி கோமதி அம்மா தலை குனிந்தார். அப்போது பிடித்தது எனக்கு இந்த நெளிவு.

அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது? எண்பத்தெட்டில் மருதடிக்குளம் ஊருக்கு வட்டமாக ஒரு குடிநீர்த் தொட்டி கட்டினோம். நடுவிலிருந்து சுவர்வரைக்கும் ஏழு அடி இருக்க வேண்டும். கட்டி முடித்துப் பார்த்தால், இந்தச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்குமே ஏழு அடிதான்! கொத்தனார் மாரிக்கண்ணு, "செங்கல் பாதி மிச்சம் சார்" என்று பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். தண்ணீர் திறந்த அன்று காலை பத்து மணிக்கே தொட்டி வறண்டது. வெறுங்குடத்தோடு நின்ற கெசியா அம்மாள் கேட்டார்: "ஏ ஓவர்சியரே, இது தொட்டியா, ஊறுகா சாடியா?"

நான் பைய, "அண்ணாச்சி, அகலம் பாதின்னா தண்ணியும் பாதியாவது இருக்கணுமே" என்றேன். அண்ணாச்சி செங்கல் துண்டால் தரையில் எழுதிக் காட்டினார்.

"லே பீரு, சுத்தளவுக்கும் பை உண்டு, பரப்பளவுக்கும் பை உண்டு. சுத்தளவுல ஆரம் ஒரு தடவதான் வருது. நாப்பத்திநாலு அடி இருபத்திரண்டாச்சு, செங்கல் பாதி மிஞ்சிச்சு. பரப்பளவுல ஆரத்த ஆரத்தாலேயே பெருக்கணும்லா? நூத்தியம்பத்திநாலு சதுர அடி முப்பத்தெட்டரையாப் போச்சு. கால்வாசிதாம்லே!"

சுற்றி நின்ற ஊர் அதைக் கேட்டது. 'கால்தொட்டி' பிறந்தது. டீக்கடையில் கால்தொட்டி, பஸ்ஸில் கால்தொட்டி! அவர் மகள் கல்யாணப் பந்தியில் பாயசம் கொஞ்சமாக விழுந்ததற்கு, "கால்தொட்டி வீட்டுப் பந்தில்லா" என்று ஒருவர் சொன்னார். அதற்கும் சிரித்தீர்களே! இலையிலிருந்து தலையைத் தூக்காமல் நானும்தானே சிரித்தேன்!

இப்போது கேட்கிறேன். ஆரம் ஏழு அடி என்ற கணக்கு யாருடையது? சிவசைலம் அண்ணாச்சியுடையது. துல்லியமான கணக்கு! அதைப் படமாக்கும்போது விட்டத்தில் அம்புக்குறி இழுத்து ஏழு என்று எழுதிய கை யாருடையது? இதோ, மைக்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கை!

அன்று நான் தற்காலிகப் பணியாளன். நிரந்தர ஆணை அந்த மாதம் வர வேண்டும். விசாரணைக்கு மேலதிகாரி வந்தபோது இந்த வீரன் எங்கே இருந்தான்? கழிப்பறையில், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு! வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "தப்பு என்னோடதுதான்" என்று அண்ணாச்சி எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அழுதேன்.

"எனக்கு ஏச்சோட போகும். ஒனக்கு வேலையே போயிரும்லே. பாக்காமக் கையெழுத்துப் போட்டது நாந்தானே. போ, போய் மூஞ்சியக் கழுவு."

ஒன்பது ஆண்டுகளாகக் கழுவுகிறேன்.

அதன்பிறகு அவர் மேசைமுன் உட்கார்ந்து ஒரு தொட்டிப் படத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தந்த ஊருக்கே போவார். நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பால் வட்டம் போடுவார். பெண்களைக் கூப்பிட்டு, "எத்தன வீடு தாயி? இது பத்துமா?" என்பார். பத்தாது என்றால் கயிற்றை நீட்டுவார். விக்கிரமசிங்கபுரம் பக்கம் இருபத்து மூன்று தொட்டிகள் அப்படி வந்தவை. ஒன்றாவது சாயங்காலத்துக்கு முன் வறண்டதுண்டா? ஆனால் அந்த இருபத்து மூன்றில் ஒன்றின் பெயராலும் நாம் அவரை அழைக்கவில்லையே!

போன வாரம் கோமதி அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி. அவுக சொல்லிட்டாவ. எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? சிரிச்ச ஊருக்குல்லா சொல்லணும்."

சொல்லிவிட்டேன் அம்மா. எழுதிக் கையெழுத்திட்டும் கொண்டுவந்திருக்கிறேன். என்மேல் விசாரணை வந்தால் வரட்டும். இந்தத் தடவை கழிப்பறைக்குப் போகமாட்டேன்.

மருதடிக்குளத்துக்கு இரண்டாவது தொட்டி கேட்டு அண்ணாச்சி போட்டுவைத்த கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அங்கே போய் நான் வட்டம் போடுவேன். கெசியா அம்மாள் போதும் என்று சொல்லும்வரை என் பென்சில் தாளைத் தொடாது. இது மாலை போட்ட அவர் படத்துக்கு முன் நான் கொடுக்கும் வாக்கு.

இனி மௌன அஞ்சலி. அதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. தலைவர் அவர்களே, நீங்கள் தெரியாமல் சொன்னீர்கள். தெரிந்தவன் நான், வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தப் பெயரை இந்த மேடையில் வைத்தே நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். மைக்கை உங்கள் பக்கம் திருப்புகிறேன். கோமதி அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பேசுங்கள்.